ஜனவரியில் 21 கி.மீ.: காயம் படாமல் தொடக்கக் கோடு வரை போய்ச் சேர ஒரு வழிகாட்டி

சென்னை மாரத்தான் ஜனவரித் தொடக்கத்தில் வருகிறது. அதில் ஹாஃப், அதாவது 21 கி.மீ. அரை மாரத்தான், ஓட நினைப்பவர் செப்டம்பர் நடுவில் பயிற்சியைத் தொடங்கினால் 16 வாரம் கையில் இருக்கும். காகிதத்தில் பார்த்தால் தாராளம்தான். ஆனால் அந்த 16 வாரத்தின் நட்டநடுவில் வடகிழக்குப் பருவமழை உட்கார்ந்திருக்கிறது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் இரண்டு வாரம் ஓட்டம் கிடையாது. மழை விட்டதும், விட்டுப்போன கிலோமீட்டரையெல்லாம் ஒரே வாரத்தில் ஓடித் தீர்க்கக் கிளம்புவார்கள். டிசம்பரில் முட்டியைப் பிடித்துக்கொண்டு பிசியோ வாசலில் நிற்பதற்கு இதைவிடக் குறுக்குவழி இல்லை.

இந்தக் கட்டுரை நிற்காமல் 8 கி.மீ. ஓட முடிகிறவருக்கு. இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை என்றால் இந்த ஆண்டு 10 கி.மீ. பிரிவில் பெயர் கொடுங்கள். படிகள் எல்லாம் அதுவேதான், தூரம் மட்டும் பாதி.

தொடங்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பயிற்சி தொடங்கிய சில வாரங்களிலேயே இதயமும் நுரையீரலும் தேறிவிடும். தசை கொஞ்சம் பின்னால் வரும். தசைநாரும் எலும்பும் பல மாதம் எடுத்துக்கொள்ளும். 'மூச்சே வாங்கவில்லை, இன்னும் 3 கி.மீ. ஓடலாமே' என்று தோன்றும் நாளில், கணைக்கால் எலும்பு அதற்குத் தயாராக இருக்காது. மூச்சைக் கேட்டுத் தூரத்தை முடிவு செய்யாதீர்கள்.

1. பணம் கட்டும் முன்

பதிவுப் பக்கத்தில் கட்டணத்தைப் பார்ப்பதற்கு முன்பு விதிமுறைகளைப் படியுங்கள். மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும்: காயம் பட்டால் பணம் திரும்புமா, ஹாஃபிலிருந்து 10 கி.மீ.க்கு இறங்க முடியுமா, எந்தத் தேதிக்குள்? பெரும்பாலான ஓட்டங்களில் பணம் திரும்பாது. பிரிவு மாற்றிக்கொள்ள மட்டும் ஒரு கடைசித் தேதி இருக்கும். அந்தத் தேதியை இன்றே காலண்டரில் குறித்துவிடுங்கள். டிசம்பரில் அது தேவைப்படலாம்.

ஓட முடியாமல் போனால் பிப்பை, அதாவது மார்பில் குத்திக்கொள்ளும் எண் அட்டையை, நண்பருக்குக் கொடுப்பது பலர் செய்யும் தவறு. நடுவழியில் அவர் மயங்கி விழுந்தால், மருத்துவக் குழு கையில் இருப்பது உங்கள் பெயர், உங்கள் ரத்த வகை, உங்கள் வீட்டுத் தொலைபேசி எண். நண்பரின் வீட்டுக்குத் தகவலே போகாது.

நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள், வீட்டில் இளவயதில் மாரடைப்பு வந்தவர் இருக்கிறவர்கள் முதலில் மருத்துவரைப் பாருங்கள். ஈசிஜியும், அவர் சொன்னால் ட்ரெட்மில் பரிசோதனையும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு ஹீமோகுளோபினும் வைட்டமின் டியும் பார்த்துக்கொண்டால் நல்லது. மாதவிடாய் உள்ள பெண்கள் ஃபெரிட்டினும் சேர்த்துப் பார்க்கலாம். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு காலியாக இருப்பது உண்டு. 'எவ்வளவு ஓடினாலும் வேகம் ஏறவே மாட்டேன் என்கிறது' என்பதற்குச் சிலரிடம் காரணம் அதுதான்.

மொத்தச் செலவை இப்போதே கூட்டிப் பாருங்கள். பதிவுக்கு ஆயிரம், இரண்டாயிரம். ஷூவுக்கு மூவாயிரத்திலிருந்து எட்டாயிரம். ரத்தப் பரிசோதனைக்கு ஆயிரத்திலிருந்து மூவாயிரம். இது போகக் காயத்துக்கென்று ஐயாயிரம் தனியாக வையுங்கள். வழக்கமான மருத்துவக் காப்பீடு ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும். பிசியோவுக்கும் வெளிநோயாளி ஸ்கேனுக்கும் பெரும்பாலும் தராது.

2. ஷூ

கடைக்கு மாலையில் போங்கள். நாள் முழுக்க நின்று நடந்த கால் சற்று உப்பியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் உப்பும். ஓடப் போடும் அதே சாக்ஸைக் கொண்டுபோங்கள். எழுந்து நின்று, நீளமான விரலுக்கும் ஷூ நுனிக்கும் நடுவில் கட்டைவிரலை அகலவாக்கில் அழுத்திப் பாருங்கள். ஒரு விரல் அகலம் இடம் இருக்க வேண்டும். பலருக்கு நீளமானது பெருவிரல் இல்லை, அதற்கு அடுத்த விரல். அதைக் கவனிக்காமல் வாங்கியவர்களுக்கு 15 கி.மீ.க்குப் பிறகு நகம் கறுக்கும். அலுவலக ஷூவைவிட அரை அளவோ ஒரு அளவோ பெரிதாக வந்தால் கவலைப்பட வேண்டாம்.

பாதம் தட்டையா வளைவா என்று ஈரக் கால்தடம் எடுத்து அதற்கென்று ஷூ விற்பார்கள். அதை நம்பி இரண்டு மடங்கு பணம் கொடுக்க வேண்டியதில்லை. கடையிலேயே பத்து நிமிடம் மெதுவாக ஓடிப் பாருங்கள், எது உறுத்தாமல் இருக்கிறதோ அதுதான் உங்கள் ஷூ. கார்பன் தகடு வைத்த விலையுயர்ந்த ஷூ முதல் ஹாஃபுக்கு வேண்டாம். அது சுமையைக் கெண்டைக்காலுக்கும் பாத எலும்புக்கும் வேறு விதமாகத் தள்ளும், பழக்கமில்லாத கால் தாங்காது.

ஒரு ஜோடி 500 முதல் 800 கி.மீ. வரை வரும். வாங்கிய தேதியை நாக்குப் பட்டையின் உள்பக்கம் மார்க்கரால் எழுதிவையுங்கள். முடிந்தால் இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். மழைக்காலத்தில் நனைந்த ஷூ காய இரண்டு நாள் ஆகும் என்பதற்காகவாவது இது தேவை. நனைந்ததை வெயிலிலோ ஹீட்டர் பக்கத்திலோ வைக்காதீர்கள், பசை விட்டுவிடும். செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து மின்விசிறிக்குக் கீழே வையுங்கள்.

3. எங்கே ஓடுவது

தெருவில் போகும்போதும் வரும்போதும் தங்கள் இடது ஓரமாகவே ஓடுகிறவர்களுக்கு ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் இருக்கும். மழைநீர் வடிய சாலையின் நடுவை உயர்த்தி ஓரத்தைத் தாழ்த்தித்தான் போடுகிறார்கள். ஒரு முட்டியின் வெளிப்பக்கம் மட்டும் வலித்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். போகும்போதும் வரும்போதும் சாலையின் ஒரே சரிவில், அதாவது கடலோரச் சாலையில் கடல் பக்கமாகவே போய் கடல் பக்கமாகவே திரும்பினால், இரண்டு காலுக்கும் முறை மாறி வரும். எதிரே வண்டி வருவதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் மணலில் ஓடினால் முட்டிக்கு நல்லது என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். மணல் மெத்தென்று இருப்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு அடியிலும் குதிகால் புதைகிறது. கெண்டைக்காலும் குதிகால் தசைநாரும் கூடுதல் வேலை செய்ய வேண்டும். பழக வேண்டுமானால் வாரம் ஒரு முறை, பத்து நிமிடம், ஈர மணலில். அதற்கு மேல் வேண்டாம். 400 மீட்டர் டிராக்கில் ஓடினால் பாதித் தூரத்தில் திசையை மாற்றுங்கள், அங்கே அனுமதித்தால். சென்னையில் மேடு என்றால் மேம்பாலம்தான். ஏறும்போது ஓடுங்கள், இறங்கும்போது முதல் மாதம் நடங்கள். முட்டியை வாட்டுவது இறக்கம்தான்.

நேரம்: காலை ஐந்தரைக்குள் கிளம்பிவிடுங்கள். செப்டம்பரில் ஏழு மணிக்கெல்லாம் வெயிலும் புழுக்கமும் சேர்ந்து, அதே வேகத்துக்கு இதயத்துடிப்பு பத்து, பதினைந்து கூடுதலாகக் காட்டும். அது உங்கள் உடல்தகுதி குறைந்ததால் இல்லை. அன்று வேகத்தை மறந்துவிட்டு நேரக் கணக்கில் மட்டும் ஓடுங்கள்.

4. வாரக் கணக்கு

கட்டுரையின் முதுகெலும்பு இதுதான். வாரத்துக்கு நான்கு ஓட்டம்: மூன்று சிறியது, ஞாயிறன்று ஒன்று நீளமானது. ஞாயிறு நீள ஓட்டம் இப்படிப் போகட்டும்:

வாரம் 1 முதல் 4 வரை: 8, 8.5, 9, 7
வாரம் 5 முதல் 8 வரை: 9.5, 10.5, 11.5, 9
வாரம் 9 முதல் 12 வரை: 12.5, 13.5, 14.5, 11
வாரம் 13 முதல் 16 வரை: 16, 17.5, 12, ஓட்ட நாள்

நான்காவது வாரம் எல்லாம் குறைவதைப் பார்த்து 'வீணாகப் போகிறதே' என்று நினைக்காதீர்கள். எலும்பு தன்னைத் திருத்திக்கட்டுவது அந்த வாரத்தில்தான். சின்ன ஓட்டங்கள் மூன்றும் 4 கி.மீ.யில் தொடங்கி 7, 8 வரை போனால் போதும்.

'வாரத்துக்கு 10 சதவீதம்தான் கூட்ட வேண்டும்' என்று ஒரு விதி ஊர் முழுக்கச் சுற்றுகிறது. அது வாரத்தின் மொத்தத் தூரத்துக்கான விதி. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களின் கடிகாரப் பதிவுகளை வைத்து 2025இல் வெளிவந்த ஆய்வு வேறு ஒன்றைக் காட்டியது. கடந்த 30 நாளில் ஓடிய மிக நீளமான ஓட்டத்தைவிட, ஒரே ஓட்டத்தில் 10 சதவீதத்துக்கு மேல் தாண்டியவர்களுக்குத்தான் காயம் கூடியது. இரட்டிப்பாக்கியவர்களுக்கு இன்னும் மோசம். வார மொத்தத்தை எவ்வளவு அழகாகக் கணக்குப் போட்டாலும், ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களைக் கவிழ்த்துவிடும்.

மழைக்காலத்துக்கு இந்த 30 நாள் கணக்குதான் உதவும். ஒரு உதாரணம். 7ஆம் வாரம் 11.5 ஓடினீர்கள், 8ஆம் வாரம் 9. பிறகு புயல். 9, 10 வாரங்களில் ஓட்டமே இல்லை. 11ஆம் வாரம் ஞாயிறு வெளியே வருகிறீர்கள். அட்டவணை 14.5 என்கிறது. ஆனால் கடந்த 30 நாளில் நீங்கள் ஓடிய நீளம் 11.5தான். 14.5 என்பது 26 சதவீதத் தாவல். அன்று 12.5ஐத் தாண்டாதீர்கள். அதிலிருந்து 13.5, 14.5, 16, பிறகு 12, பிறகு ஓட்ட நாள். அட்டவணை தவறிவிட்டதே என்று பதறாதீர்கள். 16 ஓடியவர், நடுநடுவே நடந்து 21ஐ முடித்துவிடலாம்.

நான்கு வாரம் விட்டுப்போனால் கதை வேறு. 30 நாள் கணக்கில் கையில் ஒன்றுமே இருக்காது. மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று மறுபடி தொடங்குங்கள். 10 கி.மீ. பிரிவுக்கு இறங்கும் கடைசித் தேதி எது என்று அப்போது பாருங்கள். அதற்காகத்தான் முதலிலேயே குறித்துவைக்கச் சொன்னது.

மழை நாளில் ஜிம் ட்ரெட்மில் கிடைத்தால் வாரம் இரண்டு முறை 30 நிமிடம் ஓடினாலே எலும்புக்குப் பழக்கம் விட்டுப்போகாது. அதுவும் இல்லையென்றால் அபார்ட்மெண்ட் மாடிப்படி இருக்கவே இருக்கிறது. ஏறுவது நடையாக, இறங்குவது லிஃப்ட்டில். சைக்கிளும் நீச்சலும் மூச்சைக் காக்கும், காலைக் காக்காது. நீந்தியதை வைத்து ஓட்டத் தூரத்தைக் கூட்டாதீர்கள்.

வேகம் பற்றி. நான்கு ஓட்டத்தில் மூன்று, பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் இருக்க வேண்டும். பேச்சு இரண்டு சொல்லில் அறுந்தால் வேகம் அதிகம். புதியவர்கள் எல்லா ஓட்டத்தையும் நடுத்தர வேகத்தில் ஓடுகிறார்கள். மெதுவாக ஓட வேண்டிய நாளில் களைத்து, வேகமாக ஓட வேண்டிய நாளில் சோர்ந்து, இரண்டிலும் பலனில்லை. 6ஆம் வாரத்திலிருந்து புதன்கிழமை மட்டும்: 10 நிமிடம் மெதுவாக, பிறகு 2 நிமிடம் வேகம், 2 நிமிடம் மெது ஓட்டம் என்று ஆறு முறை, கடைசியில் 10 நிமிடம் மெதுவாக. வேக நாளும் ஞாயிறும் அடுத்தடுத்து வரக்கூடாது. தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள்.

5. மாடிப்படியில் பத்து நிமிடம்

வாரம் இரண்டு நாள். ஜிம் தேவையில்லை. ஓடுவதற்கு முன் நின்றுகொண்டு அரை நிமிடம் தொடையை இழுத்துப் பிடிப்பது காயத்தைத் தடுப்பதாகத் தெரியவில்லை. அந்த நேரத்தை இங்கே செலவிடுங்கள். ஓடும் முன் ஐந்து நிமிடம் வேக நடையும், முதல் கிலோமீட்டர் மெது ஓட்டமும் போதும்.

முக்கியமானது குதிகால் ஏற்றம். படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதிகால் வெளியே தொங்கட்டும். கைப்பிடியைச் சமநிலைக்காக மட்டும் ஒரு விரலால் தொடுங்கள். மூன்று எண்ணிக்கையில் மேலே, உச்சியில் ஒரு எண்ணிக்கை நிற்பு, மூன்று எண்ணிக்கையில் படிமட்டத்துக்குக் கீழே. இரண்டு காலில் 15 வீதம் மூன்று சுற்று வலியில்லாமல் முடிந்தால் ஒற்றைக் காலுக்கு மாறுங்கள். உச்சியில் கணுக்கால் வெளிப்பக்கம் சாய்ந்தால் அந்த எண்ணிக்கையைச் சேர்க்காதீர்கள். பெருவிரல் அடிப்பகுதியில் எடை நிற்க வேண்டும். ஒற்றைக் காலில் முழு உயரத்துக்கு 20, 25 வர வேண்டும். பலர் முதல் நாள் 11இல் நின்றுவிடுவார்கள். ஒரு கால் 22, மறு கால் 13 என்றால் எந்தக் கால் முதலில் புகார் சொல்லும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். பிறகு முழங்காலைச் சற்று மடக்கிக்கொண்டு அதையே செய்யுங்கள். ஓடும்போது அதிகச் சுமை தாங்குகிற ஆழத்துச் சதைக்கு அப்போதுதான் வேலை.

மற்றவை சுருக்கமாக: ஒற்றைக் காலில் நாற்காலியிலிருந்து எழுந்து மெதுவாக உட்காருவது 8 வீதம் மூன்று சுற்று, மல்லாந்து படுத்து ஒற்றைக் காலால் இடுப்பைத் தூக்குவது 12 வீதம் மூன்று, பக்கவாட்டுப் பிளாங்க் (ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி உடலைத் தூக்கிப் பிடிப்பது) 30 விநாடி வீதம் இரண்டு. சுலபமாகிவிட்டால் எண்ணிக்கையைக் கூட்டாமல் முதுகுப்பையில் இரண்டு அரிசிப் பொட்டலம் வைத்துக்கொள்ளுங்கள்.

6. அடி எண்ணிக்கை

ஓடும்போது 30 விநாடிக்கு வலது கால் எத்தனை முறை விழுகிறது என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். 180 வர வேண்டும் என்பார்கள். அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. உயரத்தையும் வேகத்தையும் பொறுத்து அது மாறும். முட்டியின் முன்பக்கம் வலிக்கிறவர்கள் மட்டும், தங்கள் எண்ணிக்கையை 5 சதவீதம் கூட்டிப் பாருங்கள். 160 என்றால் 168. வேகம் அதேதான், அடி மட்டும் சின்னதாகும். கால் உடலுக்கு வெகு முன்னால் விழாமல் முட்டியின் சுமை குறையும். சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் செயலி போனில் இலவசமாகக் கிடைக்கும்.

7. வலி வந்தால்: எங்கே, எப்போது, எவ்வளவு

பூஜ்யத்திலிருந்து பத்து வரை மதிப்பெண் போடுங்கள். மூன்று வரை இருந்து, ஓடும்போது கூடாமல், மறுநாள் காலை பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். நான்கு, ஐந்து என்றால் தூரத்தைப் பாதியாக்கி வேக நாளை விடுங்கள். ஐந்துக்கு மேல் போனாலோ, நடையே மாறி நொண்டினாலோ, அந்த இடத்திலேயே நிறுத்தி ஆட்டோ பிடியுங்கள். 'வீடு வரைக்கும் ஓடிவிடலாம்' என்ற அந்தக் கடைசி 2 கி.மீ.தான் ஒரு வார ஓய்வை ஆறு வாரமாக்கும்.

கணைக்கால் எலும்பின் உள்விளிம்பு: இங்கே கவனம் அதிகம் வேண்டும். ஆள்காட்டி விரலால் எலும்பின் விளிம்போடு மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் எலும்பு உறை எரிச்சல், ஷின் ஸ்ப்ளின்ட். தூரத்தைக் குறைத்து, குதிகால் ஏற்றம் செய்தால் சில வாரத்தில் அடங்கும். ஒரே புள்ளியில், காசு அகலத்தில், தொட்டதும் துள்ள வைத்தால், இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், அது எலும்பு விரிசலாக இருக்கலாம். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது எலும்புக்கும் பொருந்தும்; என்ன, நகர்வதற்குப் பதில் விரியும். ஓட்டத்தை அன்றே நிறுத்துங்கள். எண்ணெய் போட்டு உருவுவது, சுளுக்கு வழிப்பது, கட்டுப் போடுவது எதுவும் வேண்டாம்.

அதே போல் தொடையும் இடுப்பும் சேரும் கவட்டைப் பகுதியில், காலை ஊன்றினால் ஆழமாக வலித்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். தொடை எலும்பின் கழுத்தில் விரிசல் விட்டு, கவனிக்காமல் ஓடினால், முழுதாக முறிந்து அறுவை சிகிச்சை வரை போகும். பாதத்தின் மேல்பக்கம் நடுவில் புள்ளி வலியும் இதே அவசரம்தான்.

முட்டி முன்பக்கம்: படி இறங்கும்போதும், பஸ்ஸில் நெடுநேரம் உட்கார்ந்து எழும்போதும் வலிக்கும். தேய்மானம் என்று பயப்பட வேண்டாம். தொடை, இடுப்புப் பயிற்சியும் அடி எண்ணிக்கையும் கைகொடுக்கும். முட்டி வெளிப்பக்கம்: நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது சரியாக 5ஆம், 6ஆம் கிலோமீட்டரில் கத்தி போல வரும், நின்றால் போய்விடும். வலி வரும் தூரத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னதாகவே நிறுத்திக்கொள்ளுங்கள், மேம்பால இறக்கத்தைத் தவிருங்கள்.

குதிகால் தசைநார்: காலையில் எழுந்ததும் விறைப்பு, ஓடத் தொடங்கினால் சரியாகிவிடும், அதனால் எல்லாரும் ஏமாறுவார்கள். முழு ஓய்வு எடுத்தால் வலி போகும், ஓடியதும் திரும்பும். மேலே சொன்ன குதிகால் ஏற்றத்தை எடை சேர்த்து 12 வாரம் செய்வதுதான் வழி. வலி தசைநார் குதி எலும்பில் சேரும் இடத்திலேயே என்றால் படிக்குக் கீழே இறக்காமல் தரையிலேயே செய்யுங்கள். உள்ளங்கால் குதிவலிக்கும், அதாவது காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முதல் அடி ஊசியாகக் குத்துவதற்கும், இதே ஏற்றம்தான். மடித்த துண்டை விரல்களுக்கு அடியில் வைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள். மாதக்கணக்கு ஆகும். வீட்டில் வெறும் காலோடு மொசைக் தரையில் நடக்காமல் மெத்தென்ற செருப்புப் போடுங்கள்.

வலியே இல்லாமல் ஒன்று: பெண்களுக்கு ஓட்டம் கூடியபின் மாதவிடாய் நின்றுபோனால் அது 'ஓட்டக்காரர்களுக்குச் சகஜம்' இல்லை. பெரும்பாலும் ஓடுகிற அளவுக்குச் சாப்பிடவில்லை என்று பொருள். எலும்பு வலுவிழக்கும். ஆண்களுக்கும் இது நடக்கும், காட்டிக்கொடுக்கும் அடையாளம்தான் குறைவு. எடை குறைக்கும் முயற்சியையும் முதல் ஹாஃப் பயிற்சியையும் ஒரே 16 வாரத்தில் வைக்காதீர்கள்.

8. யாரிடம் போவது, என்ன கொண்டுபோவது

எலும்புச் சந்தேகம் இருந்தால் எலும்பு மூட்டு மருத்துவர் அல்லது விளையாட்டு மருத்துவர். மற்றதற்கெல்லாம், இரண்டு வாரம் தூரம் குறைத்தும் சரியாகவில்லை என்றால், பிசியோ. சென்னையில் ஒரு அமர்வு ஏறத்தாழ 500 முதல் 1,000 ரூபாய். பத்து அமர்வுக்கு மொத்தமாக முன்பணம் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள். முதல் இரண்டு அமர்வில் உங்களை நிற்க வைத்து, குதிக்க வைத்து, ஓடுவதைப் பார்த்து, வீட்டுப் பயிற்சி எழுதிக் கொடுக்கிறாரா என்று பாருங்கள். படுக்க வைத்து மின்சாரம் பிடித்துவிட்டு அனுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: கடந்த எட்டு வாரத்து ஓட்டப் பதிவு (கடிகாரச் செயலியின் ஸ்கிரீன்ஷாட் போதும்), இப்போது ஓடும் ஷூ, பழைய ஸ்கேன் படமும் அறிக்கையும், சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், வலி மதிப்பெண் எழுதிய குறிப்பு, ஓட்ட நாள் தேதி. அரைக்கால் சட்டை போட்டுப் போங்கள். ஜீன்ஸோடு போய் முட்டியைக் காட்ட முடியாமல் பாதி நேரம் போகும்.

எலும்பு விரிசல் முதல் இரண்டு, மூன்று வாரத்து எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம். 'எக்ஸ்ரே நார்மல், ஓடலாம்' என்று நினைத்துத் திரும்ப ஓடியவர்கள் உண்டு. புள்ளி வலி போகவில்லை என்றால் எம்ஆர்ஐ வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தனியார் மையங்களில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் ஆகும். இடத்துக்கு இடம் விலை மாறும், போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். படத்தின் சிடியையும் கேட்டு வாங்குங்கள். மறுபக்கம், சாதாரண முட்டி வலிக்கு முதல் நாளே எம்ஆர்ஐ எடுக்காதீர்கள். வலியே இல்லாதவர் முட்டியிலும் அறிக்கையில் ஏதாவது எழுதியிருக்கும், அதைப் படித்துப் பயந்தே பலர் ஓட்டத்தை விடுகிறார்கள்.

கெண்டைக்காலில் பட்டென்று சத்தம் கேட்டு முன்பாதத்தில் எழும்ப முடியவில்லை, ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாகிறது, மார்பில் இறுக்கம்: இவை மூன்றும் பிசியோவுக்கானவை அல்ல. நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

9. திரும்ப ஓடத் தொடங்குவது

தேதி பார்த்துத் தொடங்காதீர்கள். 30 நிமிடம் வேக நடை வலியில்லாமல் வர வேண்டும். அந்தக் காலில் மட்டும் பத்து முறை குதித்தால் வலிக்கக் கூடாது. எலும்பு விரிசலாக இருந்தால் அழுத்தினாலும் வலிக்கக் கூடாது, மருத்துவரும் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்கு ஆறு முதல் எட்டு வாரம், சில இடத்துக்கு அதற்கு மேலும் ஆகும். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள்: ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, பத்து முறை. அது இரண்டு தடவை சுத்தமாக முடிந்தால் இரண்டுக்கு ஒன்று, பிறகு நான்குக்கு ஒன்று, பிறகு தொடர்ந்து 20 நிமிடம். எந்தப் படியில் வலித்தாலும் ஒரு படி இறங்கி அங்கே இரண்டு தடவை. ஐஸ் வலியைக் குறைக்கும், ஆறுவதை வேகப்படுத்தாது. வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

10. தண்ணீர், உப்பு, மாத்திரை

ஓடும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது; நடுவில் குடித்ததையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். அதுவும் ஆபத்துதான், ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். தாகத்துக்குக் குடித்தால் போதும். ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும் ஓட்டத்துக்கு ஓஆர்எஸ். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டரில்தான் கலக்க வேண்டும். அரை லிட்டர் பாட்டிலில் முழுவதையும் கொட்டினால் வயிற்றைப் புரட்டும். அதற்குப் பதிலாக இனிப்பு டப்பா பானங்களை வாங்காதீர்கள், மருந்துக்கடைப் பொட்டலத்தில் உலக சுகாதார நிறுவன அளவு என்று எழுதியிருக்கும்.

நீள ஓட்டத்துக்கு முன் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போட்டுக்கொண்டு கிளம்பும் பழக்கம் ஓட்டக் குழுக்களில் பரவலாக இருக்கிறது. உடலில் நீர் குறைந்திருக்கும்போது அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும், வயிற்றில் ரத்தக் கசிவையும் தூண்டும். அதைவிட, நிறுத்தச் சொல்லும் வலியை அவை மறைத்துவிடும்.

கூட ஓடுகிறவர் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினால், தள்ளாடினால், ஹீட் ஸ்ட்ரோக் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நிழலுக்கு இழுத்து, இருக்கிற தண்ணீரையெல்லாம் மேலே ஊற்றி விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் கழுத்து, அக்குள், கவட்டையில் வையுங்கள். இன்னொருவர் 108ஐ அழைக்கட்டும். வண்டி வரும் வரை குளிரூட்டுவதை நிறுத்தாதீர்கள். நினைவு தவறியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

11. கடைசிப் பதினைந்து நாள்

15ஆம் வாரம் 12 கி.மீ.தான். கால் துறுதுறுக்கும். 'நான் 21 ஓடியே பார்க்கவில்லையே' என்று மனம் அரிக்கும். ஓடிப் பார்க்காதீர்கள். 17.5 வரை வந்தவருக்கு ஓட்ட நாளே ஒரு 20 சதவீதத் தாவல்தான், அதை ஒரு முறை மட்டும் செய்வோம்.

பிப் கொடுக்கும் இடமான எக்ஸ்போவில் அதை வாங்க அரசு அடையாள அட்டையும் பதிவு மின்னஞ்சலும் வேண்டும். வேறொருவரை அனுப்பினால் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதமும் உங்கள் அட்டையின் நகலும் கேட்கலாம். அங்கே விற்கும் புதுச் சாக்ஸையும், ஓடும்போது சக்திக்குச் சாப்பிடும் புது ஜெல்லையும் வாங்குங்கள், ஆனால் அடுத்த மாதத்துக்கு. பிப்பின் பின்பக்கத்தில் ரத்த வகை, ஒவ்வாமை, வீட்டு எண் எழுதுங்கள்.

முந்தைய இரவு வழக்கமாகச் சாப்பிடுவதையே ஏழரைக்குள் சாப்பிடுங்கள். இட்லியும் தயிர்சாதமும் போதும், நெய் மிதக்கும் பொங்கலை ஓட்டம் முடிந்து வைத்துக்கொள்ளலாம். காலையில் இரண்டு மணி நேரம் முன்னால் வாழைப்பழம், இரண்டு பிரெட். காபி பழக்கமானால் காபி.

முதல் 3 கி.மீ.யை நினைத்ததைவிட மெதுவாக ஓடுங்கள், கூட்டம் இழுக்கும். ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நடந்துகொண்டே குடியுங்கள். முடிந்ததும் உட்காராமல் பத்து நிமிடம் நடங்கள். மறுநாள் படி இறங்க முடியாமல் தொடை பிடித்திருக்கும், அது நான்கு நாளில் போய்விடும். ஒரு வாரம் ஓட்டம் வேண்டாம், அடுத்த வாரம் 3, 4 கி.மீ. மெதுவாக. பிப்ரவரியில் இன்னொரு ஹாஃபுக்குச் சலுகை விலை என்று வாட்ஸப் குழுவில் இணைப்பு வரும். இரண்டு வாரம் கழித்துத் திறந்து பாருங்கள். அதற்குள் ஒற்றைக் காலில் குதிகால் ஏற்றம் 20 வருகிறதா என்று படியில் எண்ணிப் பாருங்கள்.